குப்பை என்று எழுதப்பட்ட இடம்

‘இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வீட்டுக் குப்பை. மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை.’

அந்த அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. என் அம்மா படுத்திருக்கும் இடத்தைப் பற்றி எழுதிய வரி அது. எழுதியவர் டாக்டர் க்ரெய்க் ஸ்டான்ஃபில், தொல்பொருள் ஆய்வாளர். இந்த மண்ணில் முன்னால் வாழ்ந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எப்படிச் செத்தார்கள், செத்தவர்களை எந்தப் பக்கம் தலை வைத்துப் புதைத்தார்கள் என்பதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவராம். ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர் ஹேக்பெரியில் மரத்தூள் ஆலை வருகிறது, அதற்கு லாரி போக அகலமான ரோடு வேண்டும். ரோடு போகிற வழியில் பழைய எலும்போ பானையோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகக் கம்பெனி பிடித்து வந்த ஆள்தான் இந்த ஸ்டான்ஃபில். வந்தார், நூறு அடிக்கு ஒரு குழி தோண்டினார், மண்ணைச் சலித்தார், மண்ணின் நிறத்தை ஒரு வண்ணப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டார், போய்விட்டார். இடிந்துபோன எங்கள் பழைய கிறிஸ்தவ சபைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறை நிலம் அவருக்குப் புதர்க்காடாகத் தெரிந்திருக்கிறது. அதன் ஓரத்துப் பள்ளத்தில் குவிந்து கிடந்த உடைந்த கோப்பையும் தட்டும்தான் அவர் எழுதிய குப்பை.

அலபாமாவின் இந்தப் பக்கத்தில் எங்கள் கறுப்பு ஜனங்கள் கல்லறைக்குக் கல் வைத்ததில்லை. பருத்திக்காட்டில் முதுகொடிந்தவர்களுக்குக் கல் வாங்க ஏது வசதி? செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பை, சாப்பிட்ட தட்டு, மருந்து பாட்டில், விளக்கு, சிலருக்கு நின்றுபோன கடிகாரம் என்று எதையாவது மண்மேட்டின் மேல் வைப்போம். வைப்பதற்கு முன் ஆணியால் தட்டி அடியில் ஓர் ஓட்டை போட்டுவிடுவோம். பாத்திரம் முழுசாக இருந்தால் அந்த வீட்டில் சாவு தொடர்ந்து வரும், உடைத்துவிட்டால் அதோடு அறுந்துபோகும் என்பது நம்பிக்கை. எந்தக் கல்லறை யாருடையது என்பதும் அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். நீல விளக்கு என்றால் லோவி மாமா. பச்சைக் கிண்ணம் என்றால் ஸெனோபியா பெரியம்மா. என் அம்மாவுக்கு வெள்ளைப் பால் ஜாடி. எனக்குப் பதினாறு வயதில், என் கையால் ஓட்டை போட்டு வைத்த ஜாடி அது.

மார்ச் மாதத்தில் கோர்ட்டு கட்டடத்து மாடி ஹாலில் கூட்டம் போட்டார்கள். பேசுவதை எல்லாம் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். எங்கள் ஆட்கள் எழுபது பேர் போயிருந்தோம். நாற்பது வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள் நான், பின் வரிசைவரை கேட்கிற குரல் எனக்கு உண்டு. அதனால் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். என் பெரியம்மா மகள் வெர்னெல் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தாள், விடாதே, விடாதே என்று.

எழுந்தேன். ஸ்டான்ஃபில் முன் வரிசையில் இருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, வெயிலில் வெந்த சிவப்புக் கழுத்து, காய்ந்த மண் ஒட்டிய பூட்ஸ். அந்தப் பூட்ஸோடு ஹாலுக்குள் வந்திருக்கிறாரே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“டாக்டர், உங்க வீட்ல செத்தவங்களுக்கு நீங்க பிளாஸ்டிக் பூ வைப்பீங்க. நாங்க அவங்க குடிச்ச கோப்பையை வைப்போம். இதுல எது குப்பை, நீங்களே சொல்லுங்க” என்றேன்.

ஹால் அதிர்ந்தது. கைதட்டல் அடங்கும்வரை அவர் பொறுமையாக இருந்தார். பிறகு எழுந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

“மிஸ் ஒடெசா, உங்க வழக்கம் எனக்கு நல்லாவே தெரியும். கல்லறை மேல ஒரே ஒரு தட்டு இருந்திருந்தாலும் அன்னைக்கே வேலையை நிறுத்தியிருப்பேன். மேல ஒண்ணுமே இல்ல. எல்லாம் பள்ளத்துல கிடக்கு. அதை அங்க கொண்டுபோய்ப் போட்டது யாரு?”

எழுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். வெர்னெலும் பார்த்தாள்.

“வெளியாளுங்க. லாரியில வந்து கொட்டிட்டுப் போனாங்க. எங்க ஆளுங்க கை அதுல படவே இல்ல” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெர்னெலிடம் பதினைந்து வருஷமாகச் சொல்லிவந்த பொய், பழகிய பொய், தடங்கலே இல்லாமல் வந்தது.

நடந்தது இதுதான். எழுபத்தைந்தில் எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தார். பெரிய ஊரில் படித்தவர், கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருப்பார். எனக்கு இருபத்தைந்து வயது, பெண்கள் சங்கத்துக்கு அந்த வருஷம்தான் என்னைத் தலைவியாக்கியிருந்தார்கள். ஆகஸ்ட்டில் வடக்கே போன ஜனங்களெல்லாம் டெட்ராய்ட்டிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிற ஞாயிறு வரும். அவர்கள் போட்டோ எடுப்பார்கள், பின்னணியில் இந்தச் சிதறிய பீங்கான் தெரியும், பார்க்கிறவன் நம்மைக் காட்டான் என்று நினைப்பான் என்றார் போதகர். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. கிழவிகள் இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். செத்தவர் சாமானைத் தொட்டால் அவர் உன் பின்னாலேயே வருவார் என்றார்கள். மூடநம்பிக்கை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். ஒன்பது பெண்கள், இரண்டு சாயங்காலம், ஒரு தள்ளுவண்டி. கல்லறை நிலம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. போட்டோ நன்றாக வந்தது.

அதற்கப்புறம் சபை நெடுஞ்சாலைப் பக்கம் இடம் மாறியது. ஒரு கோடையில் புல்லில் தீப்பிடித்து, கல்லறைகளில் பெயர் எழுதி நட்டிருந்த நாலைந்து மரப்பலகையும் எரிந்தன. முள்ளும் மரமும் மூடிக்கொண்டன. வெர்னெல் அறுபத்தெட்டிலேயே டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டவள். எழுபத்தொன்றில் அவள் அம்மா ஸெனோபியா சாவுக்கு வந்து பச்சைக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பியவள், தொண்ணூற்றொன்பதில்தான் நிரந்தரமாக ஊருக்கு வந்தாள். வந்த வாரமே கிண்ணத்தைத் தேடினாள். யாரோ வெளியாட்கள் செய்த அக்கிரமம் என்று அன்றைக்குச் சொன்னேன். அந்தப் பொய்யைத்தான் கோர்ட்டு ஹாலில் அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டாள்.

நாங்கள் போட்ட சத்தத்தில் மாநிலத் தொல்பொருள் அலுவலகம் இறங்கி வந்தது. ஸ்டான்ஃபில் திரும்பவும் ஆறு வாரம் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும், அதன்பின் முடிவு என்றார்கள். அவர் வேண்டாவெறுப்பாக வந்தார். நானும் மடக்கு நாற்காலி ஒன்றையும் வேகவைத்த நிலக்கடலை ஒரு பையையும் எடுத்துக்கொண்டு தினமும் போய்ப் பள்ளத்தின் மேட்டில் உட்கார்ந்தேன். இந்த முறை எதை எழுதுகிறார் என்று பார்த்துவிடலாம் என்ற வைராக்கியம். கடலைத் தோலை அவர் கட்டிய கயிற்றுக்கு ஓர் அங்குலம் இப்பால் விழுகிற மாதிரி துப்புவேன். முதல் நாள் அவர் என்னை அப்பால் போகச் சொன்னார். எங்கள் சபை நிலத்தில் நான் உட்காருவதற்கு உங்கள் பட்டம் வேண்டுமா என்று கேட்டேன். அதன்பிறகு பேச்சு இல்லை.

வேலை மட்டும் சுத்தம், அதை மறுக்க முடியாது. பள்ளத்தைக் கயிற்றால் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டையும் கிடந்த கிடையில் படம் எடுத்து, எண் போட்டு, தூரிகையால் தட்டி, பிளாஸ்டிக் விரிப்பில் வரிசையாக வைத்தார். உடைந்ததை உடைந்ததோடு பொருத்திப் பார்த்தார். நான் அவசரத்தில் இரண்டு சாயங்காலத்தில் கொட்டியதை அவர் மூன்று வாரம் எடுத்தார். வெள்ளையாக எது வெளியே வந்தாலும் என் அம்மாவின் ஜாடியோ என்று என் கழுத்து தானாக நீளும். அவர் பார்க்கிறாரா என்று கவனித்துத் திரும்பிக்கொள்வேன்.

நாலாவது வாரம் அவரே மேட்டுக்கு ஏறி வந்தார். நூற்று எண்பத்திரண்டு பாத்திரம், அதில் நூற்றைம்பதில் அடியில் ஓட்டை இருக்கிறது, வேண்டுமென்றே ஆணியால் தட்டிய ஓட்டை என்றார். இதை நான் மூன்று நிமிஷத்தில் சொன்னேனே என்றேன். நீங்கள் சொன்னதை மாநில அலுவலகம் ஏற்காது, ஓட்டையை ஏற்கும் என்றார். மேலே புதருக்குள் ஒரு நீலக் கண்ணாடித் துண்டு கிடைத்திருக்கிறது, பள்ளத்தில் கிடக்கும் விளக்கின் அடியோடு அது அச்சாகப் பொருந்துகிறது, கண்ணாடி மேட்டில் ஏறிப் போகாது, ஆக இதெல்லாம் மேலிருந்துதான் வந்திருக்கிறது என்றும் சொன்னார். லோவி மாமாவின் விளக்கு. கடலைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

போகப் போனவர் நின்றார்.

“இன்னொண்ணு, மிஸ் ஒடெசா. கோப்பைக்குள்ள கோப்பை அடுக்கி இருக்கு. தட்டு மேல தட்டு வெச்சிருக்கு. லாரியில வந்து கொட்டறவன் அடுக்கமாட்டான். இதைப் போட்டவங்களுக்குத் தூக்கி எறிய மனசு வரல.”

“ஓ, மனசைப் பத்தியும் படிச்சிருக்கீங்களா?”

“முப்பது வருஷத்துல என் அறிக்கையை யாரும் திருப்பி அனுப்பினதில்ல. உங்க ஊர்லதான் என் மானம் போச்சு. பார்த்தவங்க யாராவது உயிரோட இருந்தா, பேரைப் போட்டு ஒரு கையெழுத்து வேணும். இல்லன்னா நான் எத்தனை ஓட்டை எண்ணினாலும் கம்பெனி வக்கீல் ஊதித் தள்ளிடுவான்.”

எல்லாரும் செத்துவிட்டார்கள் என்றேன். ஒன்பதில் எட்டுப் பேர் விஷயத்தில் அது உண்மை. அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்ட இறங்கிப் போனார். அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவர்மேல் வந்த வெறுப்பு அந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படித்தபோதுகூட வரவில்லை.

மே மாதம் இரண்டாவது கூட்டம். அதே ஹால், அதே தட்டச்சுப் பெண். மேஜைக்குப் பின்னால் மாநில அலுவலகத்தார் மூன்று பேர். ஸ்டான்ஃபில் படங்களைக் காட்டி, தன் முதல் அறிக்கை தவறு என்றும் அங்கே கல்லறைகள் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்றும் சொன்னார். தவறு என்ற சொல்லைச் சொல்லும்போது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கம்பெனி வக்கீல் நெட்டையான, மரியாதையான மனிதர். அவர் எழுந்து கேட்டார். குளிர்காலத்தில் உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்தால் பாத்திரத்தின் அடி பெயராதா? ஒரு கண்ணாடித் துண்டைக் குழந்தைகள் எடுத்துப் போயிருக்க முடியாதா? இதற்கெல்லாம் மேலே, இந்த ஊர்க்காரர்களே என்ன சொன்னார்கள் என்று மார்ச் மாதத்துப் பதிவிலிருந்து வாசித்தார். வெளியாட்கள் லாரியில் வந்து கொட்டிவிட்டுப் போனார்கள், எங்கள் ஆட்கள் கை அதில் படவே இல்லை. சொன்னவர், மிஸ் ஒடெசா க்ரம்ப்டன். வெளியிலிருந்து வந்த குப்பை என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு நமக்கு என்ன பேச்சு என்று உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். நேரில் அறிந்தவர் யாரும் இல்லையென்றால் முதல் அறிக்கையையே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். அது நடந்தால் ஜூனில் புல்டோசர் இறங்கும். மரக்கட்டை ஏற்றிய லாரிகள் என் அம்மாவின் மேல் போகும், நானே அந்த ரோட்டில் பஸ் ஓட்ட வேண்டியிருக்கும். வெர்னெல் என் முழங்கையை இடித்தாள். எழுந்து போடு ஒரு போடு என்று அர்த்தம்.

எழுந்தேன். இந்த முறை பின் வரிசைக்குக் கேட்டிருக்காது.

“நான் சொன்னது பொய். லாரியும் வரல, வெளியாளும் வரல. எழுபத்தஞ்சு ஜூலை மாசம், ரெண்டு சாயங்காலம், எங்க சங்கத்துப் பொம்பளைங்க ஒன்பது பேர். தலைவி நான். தள்ளுவண்டி எங்கப்பாவோடது. முதல்ல எடுத்தது எங்கம்மா பால் ஜாடிதான். எனக்குப் பயமில்லன்னு மத்தவங்களுக்குக் காட்டறதுக்காக அதை முதல்ல எடுத்தேன்.”

யாரும் கைதட்டவில்லை. தட்டச்சுப் பெண் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் வெர்னெலுக்கும் நடுவில் அவள் கைப்பை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். அதிகாரி அம்மாள் அந்த எட்டுப் பேரின் பெயரைக் கேட்டார், சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

கோர்ட்டுப் படியில் வெர்னெல் எனக்காகக் காத்திருந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“பதினஞ்சு வருஷம் என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னியேடி. அந்த வெள்ளைக்காரன் குப்பைன்னு எழுதத்தான் செஞ்சான். ஆக்கினது நீ.”

ரோட்டை அரை மைல் தள்ளிப் போட உத்தரவானது. ஜூனில் புல்டோசருக்குப் பதிலாக ஒரு மண் அள்ளும் இயந்திரம் வந்தது. அதன் வாளியில் பற்களைக் கழற்றிவிட்டு, வழவழப்பான விளிம்பால் மேல்மண்ணைத் தாளைச் சுரண்டுவது மாதிரி சுரண்டினார்கள். ஸ்டான்ஃபில் முன்னால் பின்வாக்கில் நடந்துகொண்டே கையைக் காட்டுவார், நிறுத்தச் சொல்வார், குந்தி உட்கார்ந்து கரண்டியால் வழிப்பார். அடியில் செம்மண். அந்தச் செம்மண்ணில் சாம்பல் நிறத்தில் நீள நீளமாகக் கறைகள் தெரிய ஆரம்பித்தன. ஒருமுறை தோண்டி மூடிய மண் எத்தனை வருஷமானாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாதாம். எல்லாம் கிழக்கு மேற்காக, செத்தவர்கள் எழும்பும் கடைசி நாளில் சூரியனைப் பார்க்கிற மாதிரி. சில கறைகள் இரண்டடிகூட இல்லை. ஒன்றையும் அவர் திறக்கவில்லை. அளந்தார், வரைந்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய கொடி குத்தினார். மொத்தம் அறுபத்தொன்று.

கடைசி நாள் ஊரைக் கூப்பிட்டிருந்தார். கையில் ஒரு படிவம், அதில் எண்ணுக்கு நேரே பெயர் என்ற கட்டம். வயதான நாலைந்து பேர் கொடிகளுக்கு நடுவில் போய் நின்று பார்த்தார்கள், தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள். கறைக்கு முகமா இருக்கிறது? விளக்கும் கிண்ணமும் மேலே இருந்தவரை சின்னக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். ஸ்டான்ஃபில் என்னிடம் வந்தார். அறுபத்தொரு கட்டமும் காலி.

வெர்னெல் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். கோர்ட்டுப் படிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

“எங்கம்மா எதுன்னு மட்டும் சொல்லு. கிண்ணத்தை எங்கேர்ந்து எடுத்தேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும்ல.”

மூன்றாவது வரிசை, தெற்கு ஓரம் என்று சொல்லிவிடலாம் என்று வந்தது. வாயில் வந்தே விட்டது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், அன்றைக்கே அங்கே மண்டியிட்டு அழுது தீர்த்திருப்பாள், என்னையும் ஒருவேளை மன்னித்திருப்பாள். ஸ்டான்ஃபில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“தெரியல” என்றேன். “எங்கம்மா எதுன்னும் தெரியல.”

பேனாவை மூடினார். என்னிடம் வருத்தம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை. புது அறிக்கையில் என் பெயரும் அந்த ஜூலை மாதமும் இருக்கின்றன, தபாலில் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். மண்ணைத் திரும்பப் போட்டு மூடி, கொடி இருந்த இடங்களில் எண் போட்ட இரும்பு முளைகளை அடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

வெர்னெல் என்னோடு பேசுவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு கோப்பையில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போகிறாள். ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள், வாரத்துக்கு ஒன்று. அறுபத்தொன்றுக்கும் வைத்துவிட்டால் ஏதோ ஒன்று அவள் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நானும் அதே ஞாயிறுகளில் போய் அறுபத்தொன்றிலிருந்து இறங்கி வருகிறேன், வெள்ளை ஜாடி கிடைக்கிற வாரம் ஜாடி, கிடைக்காத வாரம் கிடைத்தது. அவள் பத்தொன்பதில் இருக்கிறாள், நான் நாற்பத்துமூன்றில். ஒருவர் வைத்ததை மற்றவர் தொடுவதில்லை, இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்வதும் இல்லை.